ஈயத்திலிருந்து செம்புக்கு: ஒரு வேட்டைத் தோட்டாவின் கணக்கு

அழிந்து வரும் பறவைகளைப் பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் எழுந்த கேள்வி இது: “கழுகு சாவதற்கும் மான் வேட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஈயக் குண்டுதான் காரணம் என்றால் செம்புக் குண்டுக்கு மாறிவிட வேண்டியதுதானே, அதில் என்ன சிரமம்?” நியாயமான கேள்விதான். நேரம் போதாமையால் அன்று சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது. இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

22 பறவைகள்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கலிபோர்னியா காண்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகு வாழ்கிறது. இறக்கையை விரித்தால் ஏறக்குறைய 3 மீட்டர். 1982-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் 22 பறவைகளே எஞ்சியிருந்தன. 1987-இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, கூண்டில் வைத்து இனத்தைப் பெருக்கினார்கள். 1992 முதல் மீண்டும் காட்டில் விடத் தொடங்கினார்கள். இன்று காட்டிலும் கூண்டிலுமாக 500-க்கும் மேற்பட்ட பறவைகள் இருக்கின்றன.

ஆனால் காட்டில் விட்ட பறவைகள் மடிவதற்கு முதன்மைக் காரணமாக இருப்பது ஈய நஞ்சு. வேட்டைக்காரர்கள் மானைச் சுட்டதும் குடலை அங்கேயே எடுத்துப் போட்டுவிட்டு, இறைச்சியை மட்டும் கொண்டு செல்வது வழக்கம். அந்தக் குடலைத்தான் காண்டோர் தின்கிறது. மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம் வைத்துச் செய்த குண்டு உடலுக்குள் மோதி விரியும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியாகச் சிதறுகிறது. அந்தப் பொடி பறவையின் இரைப்பை அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. காண்டோர்களின் இரத்தத்தில் உள்ள ஈயம் பெரும்பாலும் வேட்டைத் தோட்டாக்களிலிருந்து வந்ததே என்பதை 2006-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எடுத்துக் காட்டியது.

நம் தட்டுக்கு வருவது

பறவையோடு இது முடிந்துவிடவில்லை. 2009-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஈயக் குண்டால் சுடப்பட்ட 30 மான்களின் கொத்திறைச்சியை ஊடுகதிர் மூலம் பார்த்தார்கள். 24 மான்களின் இறைச்சிப் பொட்டலங்களில் உலோகத் துணுக்குகள் இருந்தன. அதே இறைச்சியைப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு கூடியது. அதற்கு முந்திய ஆண்டு, 2008-இல், வட டகோட்டா மாநிலத்தில் ஏழைகளுக்காக வேட்டைக்காரர்கள் கொடுத்த மான் இறைச்சியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சுகாதாரத் துறையே அறிவுறுத்த வேண்டியதாயிற்று.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குடும்பத்துக்கு நல்ல இறைச்சி கொண்டு வருகிறோம் என்று நினைக்கும் ஒரு தகப்பனுக்கு இது எவ்வளவு பெரிய கவலை என்பதை எண்ணிப் பாருங்கள்.

அரிசி மாறினால் தண்ணீரும் மாறும்

அமெரிக்க வேட்டைக்காரர்களில் பலர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே அடைத்துக் கொள்கிறார்கள். ஹேண்ட்லோடிங் என்பது அதன் பெயர். பித்தளைக் கூடு, பிரைமர் எனும் தீமூட்டி, வெடிமருந்து, முனையில் பொருத்தும் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு தோட்டா. தங்கள் துப்பாக்கிக்கு எது மிகவும் பொருந்துகிறது என்று பார்த்துப் பார்த்து அடைப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. வருடக்கணக்கில் கைவசம் வைத்திருக்கும் அளவுக் குறிப்பை யாரும் எளிதில் விட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பச்சரிசிக்கு வைக்கும் தண்ணீரைப் புழுங்கலரிசிக்கு வைத்தால் சோறு என்னவாகும்? அதுபோல, ஈயக் குண்டுக்கான குறிப்பில் செம்புக் குண்டைப் பொருத்தினால் கணக்கு தவறிவிடும். சோறு வேகாவிட்டால் மறுபடி உலை வைக்கலாம். முகத்துக்கு அருகில் துப்பாக்கியே வெடித்தால் என்ன செய்வது?

முதல் காரணம் எடை. ஒரு கன சென்டிமீட்டர் ஈயத்தின் எடை 11.34 கிராம். அதே அளவு செம்பு 8.96 கிராம்தான். எனவே ஒரே குறுக்களவில் ஒரே எடையுள்ள குண்டு வேண்டுமானால், செம்புக் குண்டு நீளமாக இருந்தாக வேண்டும். நீளமான குண்டு கூட்டுக்குள் அதிகம் இறங்கி, வெடிமருந்துக்கான இடத்தைக் குறைக்கிறது. செம்பு ஈயத்தைவிடக் கடினமானது என்பதால், குழலின் சுழல்வரிகளுக்குள் நுழையவும் அதிக விசை தேவைப்படுகிறது. இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை உயர்த்துகின்றன.

இரண்டாவது காரணம் சுழற்சி. குண்டு நீளமாக நீளமாக, அது நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். இந்தக் கணக்கை ஆங்கிலேயக் கணித அறிஞர் கிரீன்ஹில் 1879-ஆம் ஆண்டிலேயே சூத்திரமாக எழுதி வைத்தார். பழைய துப்பாக்கிகள் சிலவற்றின் சுழல்வரிகள் மெதுவாகத் திரும்புபவை. அவற்றில் நீளமான செம்புக் குண்டு தள்ளாடும்; குறி தவறும்.

என்ன செய்கிறார்கள்?

அனுபவசாலிகள் முதலில் எடையைக் குறைக்கிறார்கள். 30-06 எனும் புகழ்பெற்ற ரைபிளில் 180 கிரெயின், அதாவது சுமார் 11.7 கிராம் ஈயக் குண்டு போட்டவர், செம்பில் 165 அல்லது 150 கிரெயினுக்கு இறங்குகிறார். ஈயக் குண்டு மோதியதும் எடையில் கணிசமான பங்கை இழந்துவிடும். செம்புக் குண்டோ முன்பக்கம் பூவிதழ்போல் விரிந்தாலும், ஏறக்குறைய முழு எடையுடன் கடைசிவரை செல்லும். ஆகவே இலேசான குண்டும் அதே ஆழத்துக்குப் போகிறது. இலேசாக இருப்பதால் வேகமும் கூடுகிறது. அந்த வேகம் அவசியம். வேகம் குறைந்தால் செம்பு விரியாது. எவ்வளவு தூரத்துக்குள் சுட வேண்டும் என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

அடுத்தது, குண்டுத் தயாரிப்பாளர் அந்தக் குண்டுக்கென்றே வெளியிட்ட அளவுப் பட்டியலை எடுத்து, அதில் உள்ள குறைந்தபட்ச அளவிலிருந்து தொடங்குவது. சிறிது சிறிதாகக் கூட்டிச் சுட்டுப் பார்க்கும்போது, பிரைமர் தட்டையாகிறதா, சுட்ட கூட்டை எடுக்கும்போது பூட்டு இறுகுகிறதா என்று கவனிக்கிறார்கள். அறிகுறி தெரிந்தால் அங்கேயே நிறுத்தம்.

மூன்றாவது, குண்டுக்கும் சுழல்வரி தொடங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. ஈயக் குண்டை வரிகளுக்கு மிக அருகில் வைப்பவர்கள் உண்டு. செம்புக்குச் சற்று அதிக இடைவெளி தேவை. சுமார் 1.27 மில்லிமீட்டரில் தொடங்கும்படி பார்ன்ஸ் நிறுவனம் ஆலோசனை கூறுகிறது. 1980-களின் இறுதியில் முழுச் செம்பு வேட்டைக் குண்டைப் பரவலாக்கிய நிறுவனம் அது. ஆரம்பக் குண்டுகள் குழலில் செம்பைப் பூசிவிடுகின்றன என்ற குறை எழுந்ததால், 2003-இல் உடலில் பள்ளக் கோடுகள் வெட்டிய புதிய வகையை அந்நிறுவனம் கொண்டுவந்தது. இன்றும், புதிய வகைக்கு மாறுமுன் குழலை நன்றாகச் சுத்தம் செய்வது முதல் பாடம்.

சட்டமா, சம்மதமா?

கலிபோர்னியா சட்டத்தின் வழியில் சென்றது. 2008-இல் காண்டோர் வாழும் பகுதிகளில் ஈயத் தோட்டா வேட்டைக்குத் தடை வந்தது. 2013-இல் நிறைவேறிய சட்டம் 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அரிசோனாவோ 2005 முதல் காண்டோர் பகுதியில் வேட்டையாடுவோருக்கு ஈயமில்லாத் தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்து, காரணத்தையும் எடுத்துச் சொன்னது. கட்டாயம் இல்லாமலேயே ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஒத்துழைத்த ஆண்டுகள் பல.

“செம்புக் குண்டு சரியில்லை” என்று முறையிட்டவர்களில் பலர் பழைய குறிப்பையே பயன்படுத்தியவர்கள்தாம் என்பது கவனிக்கத்தக்கது. குண்டு மாறியது, பழக்கம் மாறவில்லை. கட்டளையோடு காரணத்தையும் செய்முறையையும் சேர்த்துக் கொடுத்தால் மக்கள் மாறுவார்கள் என்பதற்கு அரிசோனா ஒரு சான்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். நம் நாட்டில் உரிமம் இன்றி ஒரு தோட்டாவைக் கையில் வைத்திருப்பதே கடுங்குற்றம். ஆகவே இதைச் செய்முறைப் பாடமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனிதன் விட்டுச் செல்லும் ஒரு சிறு துணுக்கு ஓர் இனத்தின் தலைவிதியையே மாற்றக் கூடும். பொறுமையாகக் கணக்குப் போட்டால் அதைத் திருத்தவும் கூடும். இதைப் புரிந்துகொண்டால் போதும்.