திரும்பத் திரும்பக் கரு கலைகிறதா? எந்த டெஸ்ட் அவசியம், எது வீண் செலவு?

முதல் தடவை கரு கலைந்தால் 'விடும்மா, அடுத்தது தங்கும்' என்பார்கள். இரண்டாவது தடவையும் கலைந்தால் பேச்சு மாறிவிடும். பப்பாளி சாப்பிட்டியா, வண்டியில போனியா, தண்ணிக் குடம் தூக்கினியா என்று வீட்டிலேயே விசாரணை தொடங்கும். பாகூரிலும் இதே கதைதான், மற்ற ஊர்களிலும் இதே கதைதான்.

ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு குரோமோசோம் கோளாறுதான் காரணம். பெரும்பாலும் கரு உருவாகும் கட்டத்திலேயே நேர்ந்துவிடும் பிழை அது. நாலு துண்டு பழுத்த பப்பாளியோ, பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு ஸ்கூட்டரில் போய் வந்ததோ அதை உண்டாக்க முடியாது. பெண்ணின் வயது கூடக் கூட இந்தப் பிழை அதிகமாகும்.

உறுதியான கர்ப்பங்களில் 100க்கு சுமார் 15 கலைகின்றன. இரண்டு தடவை கலைவது 100 பெண்களில் கிட்டத்தட்ட 2 பேருக்கு, மூன்று தடவை கலைவது 100இல் ஒருவருக்கும் குறைவு என்கிறது 2021இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொடர். மூன்று தடவை ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்பது பழைய வழக்கம். ஐரோப்பிய மகப்பேறு ஆராய்ச்சிச் சங்கம் இரண்டு கலைந்தாலே பரிசோதிக்கலாம் என்கிறது.

தவறவிடக் கூடாத டெஸ்ட்

சரிசெய்யக்கூடிய காரணங்களில் முதலிடம் 'ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்' என்ற கோளாறுக்கு. உடலின் எதிர்ப்பு சக்தியே தவறான எதிரணுக்களை உண்டாக்கி, ரத்தம் உறைவதைத் தூண்டும். நஞ்சுக்கொடி சரியாக வளர விடாது. பிளட் டெஸ்ட்டில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒரு தடவை பாசிட்டிவ் வந்தால் போதாது. 12 வாரம் கழித்து மறுபடியும் எடுத்தால்தான் உறுதி. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

சிகிச்சை என்ன? குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை, கர்ப்பம் உறுதியானதும் ஹெபாரின் ஊசி. வயிற்றுத் தோலில் தாங்களே போட்டுக்கொள்ளப் பெண்களுக்குக் கற்றுத்தருவார்கள். லண்டனில் 90 பெண்களிடம் நடந்த ஆய்வு 1997இல் வெளியானது. ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. ஹெபாரினும் சேர்ந்தபோது அது 71 சதவீதம். அதற்காக டெஸ்ட் எடுக்காமலேயே 'எதுக்கும் ஒரு ஊசி' என்று ஆரம்பிப்பது சரியல்ல. பரம்பரையாக வரும் வேறுவகை ரத்த உறைவுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஹெபாரின் பலன் தரவில்லை என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது.

தைராய்டு குறைபாடு, கட்டுப்படாத சர்க்கரை இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். கர்ப்பப்பையின் வடிவத்தை ஸ்கேன் காட்டும். கலைந்த கருவின் திசுவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று டி அண்ட் சி செய்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அதில் குறிப்பிட்ட வகைக் கோளாறு தெரிந்தால் கணவன், மனைவி இருவருக்கும் குரோமோசோம் டெஸ்ட் எடுப்பார்கள். இருவருக்கும்! 'அவளுக்குத்தான் பிரச்சனை' என்று சொல்லிவிட்டுக் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது உதவாது. அவர் புகைபிடிப்பவர் என்றால் அதை விடுவதும் சிகிச்சைதான்.

நாலாவது, ஐந்தாவது மாதத்தில் வலி அதிகம் இல்லாமலே கரு நழுவினால் கதை வேறு. கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கலாம். அதற்குத் தையல் போடும் முறையை உலகுக்குத் தந்தவர் மும்பை மருத்துவர் வி.என்.ஷிரோட்கர். 1955இல் அவர் அதை முதலில் எழுதியது வெளிநாட்டு இதழில் அல்ல, சென்னையில் தொடங்கப்பட்ட 'தி ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவ இதழில்!

பர்ஸைக் கரைக்கும் டெஸ்ட்

'டார்ச்' என்ற தொற்றுப் பரிசோதனை இன்னமும் பல இடங்களில் எழுதித் தரப்படுகிறது. தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் தேட அது உதவாது. எப்போதோ வந்துபோன தொற்றை அது காட்டும், வீட்டில் வீண் பயம் கிளம்பும். கணவரின் வெள்ளை அணுக்களை மனைவிக்குச் செலுத்தும் சிகிச்சையையும் சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை.

புரோஜெஸ்டிரோன் மாத்திரை? காரணம் தெரியாமல் தொடர்ந்து கரு கலைந்தவர்கள் எல்லோருக்கும் அது பலன் தரவில்லை என்றது 2015இல் வெளியான ஆய்வு. ஆனால் முன்பு கரு கலைந்து, இப்போதைய கர்ப்பத்திலும் ரத்தக்கசிவு இருப்பவர்களுக்கு உதவுகிறது. அப்படி மூன்று தடவையோ அதற்கு மேலோ இழந்தவர்களில் மருந்து எடுத்தவர்களுக்கு 72 சதவீதமும், எடுக்காதவர்களுக்கு 57 சதவீதமும் குழந்தை பிறந்ததாக 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

எல்லா டெஸ்ட்டும் நார்மல் என்று வருவது சுமார் பாதிப் பேருக்கு நடக்கும். கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும். உண்மையில் அது நல்ல செய்தி. 2015 ஆய்வில் வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களிலேயே 63 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது.

எங்கே போவது?

பாகூர் கொம்யூனுக்குள்ளேயே கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை. கோரிமேடு ஜிப்மருக்கு நகரத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு நாள் வேலை கெடும். அந்த ஒரு நாள் வீணாகாமல் இருக்க, ஒவ்வொரு கர்ப்பமும் எத்தனையாவது வாரத்தில் கலைந்தது, இதயத் துடிப்பு வந்திருந்ததா என்பதை எழுதி, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் ஒரே ஃபைலில் கொண்டுபோவது நல்லது. முதலில் டாக்டர் கேட்பது அதைத்தான்.

வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க: 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, கருச்சிதைவுக்குப் பிறகு 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. டிஸ்சார்ஜ் ரிப்போர்ட் போன்ற மருத்துவச் சான்றைக் கொடுத்தால் போதும். இந்தச் சட்டம் பொருந்தும் நிறுவனம் இதைச் சிக் லீவில் கழிக்க முடியாது.