அங்குல டேப் சொல்லும் ஆரோக்கியம்

பட்டறையில் வெர்னியர் காலிப்பரை வைத்து இரும்புத் துண்டைப் பிசகில்லாமல் அளக்கிறோம். நம் உடம்பை என்றாவது அளந்து பார்த்திருக்கிறோமா?

"எடை மிஷின்ல சரியாத்தான் காட்டுது" என்பார் என் அப்பா. அவர் தையல்காரர். எடை 60 கிலோ, உயரம் 163 செ.மீ. கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை குறியீட்டெண். அப்பாவுக்கு 22.6. இந்தியர்களுக்கு 23-ஐத் தொட்டால்தான் அதிக எடை. ஆக, அப்பா பாஸ்!

ஆனால் கொழுப்பு எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று இந்த எண் சொல்லாது. 2004-ல் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 'லான்செட்' இதழில் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

தொடையில் சேரும் கொழுப்பால் அவ்வளவு கெடுதல் இல்லை. வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேருவதுதான் ஆபத்து. அது இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு எல்லாம் வர வாய்ப்பு கூடும். நம்ம ஊரிலோ தொப்பையைப் பார்த்து "வசதி வந்துடுச்சு" என்கிறோம்!

அளப்பது எப்படி?

1. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும்.
2. வயிற்றை எக்கக் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்டபின் அளவு பார்க்க வேண்டும்.
3. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும். உயரத்தில் பாதியைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

அப்பாவின் டேப்பாலேயே அவரை அளந்தேன். "என் பேண்ட் சைஸ் 34 தான்டா" என்றார். பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டினால் 34 தானே வரும்! வயிற்றுச் சுற்றளவு 37 அங்குலம், அதாவது 94 செ.மீ. உயரத்தில் பாதியோ 81.5 தான்.

ஊருக்கெல்லாம் அளவு எடுத்தவரை யாரும் அளந்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். கணக்கைப் போட்டுக் காட்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், காலையில் நடக்கிறார்.

டேப் நோயைக் கண்டுபிடிக்காது, எச்சரிக்கை மட்டுமே செய்யும். நோய் உண்டா இல்லையா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். ஆகவே நண்பர்களே, இந்த விடுமுறையில் வீட்டில் எல்லோரையும் அளந்து பாருங்கள். செலவு ஒரு பைசா கிடையாது!

– இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்