காய்ந்த இறாலும் மலை ஈரமும்

இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் மொறுமொறுவென்று காய்ந்த இறாலும் சென்னாக்கூனியும் நீலகிரிக்கு வந்தால், தென்மேற்குப் பருவமழைக் காலத்து மூடுபனியில் விரைவில் நமத்துவிடும். எத்தனை நாள் தாங்கும் என்பது பெரிதும் உலர்த்திய விதத்தைப் பொறுத்தது.

பச்சை இறாலின் எடையில் முக்கால் பங்கு நீர். உலர்த்துமுன் அதை உப்பு நீரில் வேகவைப்பது வழக்கம். அப்போது இறாலைக் கறுக்கச் செய்யும் நொதி செயலிழக்கிறது. புரதத்தில் பிணைந்திருந்த அஸ்டாசாந்தின் என்ற நிறமி விடுபட்டுச் சிவப்பு துலங்குகிறது. பிறகு மணலில் பரப்பினால் செலவில்லை, ஆனால் மண்ணும் ஈயும் சேரும். நேர்வெயிலும் காற்றும் நிறமியை வெளுக்கவைத்து, கொழுப்பைச் சிக்கு வாடை அடிக்கச் செய்யும். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலைப் பரணில் அடியிலும் காற்றோடுவதால் இறால் சீராகக் காயும்.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்தவை போன்ற, மாற்று வெப்ப வசதியும் கொண்ட சூரிய உலர்த்திகளில் மழைநாளிலும் வேலை நிற்காது. வெப்பம் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் போதும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேல்தோல் இறுகி, உள்நீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். பார்வைக்குக் காய்ந்த சரக்கு பின்னால் கெடுவதற்கு இது முக்கியக் காரணம். உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தினால் வடிவமும் மணமும் நன்கு நிலைக்கும், விலைதான் எட்டாதது. நுண்துளைகள் நிறைந்த அந்த இறால் வெந்நீரில் சட்டென ஊறுவதுபோலவே காற்றின் ஈரத்தையும் சட்டென இழுக்கும்.

மலையில் உப்பே எதிரியாகவும் மாறும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தூய உப்பு நீர் கோத்துக் கசியத் தொடங்குகிறது. மக்னீசியம் குளோரைடு கலந்த கல்லுப்பு அதற்கு முன்பே கசியும். அதனால், கடற்கரையில் இறாலைக் காத்த உப்பு ஊட்டியின் ஆடிமாதத்தில் அதை ஈரமாக்கிவிடுகிறது. குளிரை நம்பியும் பயனில்லை. கொழுப்பு சிக்குப் பிடிப்பதைக் குளிர் தாமதப்படுத்தும், பூஞ்சணத்தை நிறுத்தாது.

ஆகவே மலைக்கு அனுப்பும் சரக்கில் உப்பு குறைவாகவும் உலர்த்தல் ஆழமாகவும் இருப்பதே நல்லது. வாங்கும்போது இறாலை ஒடித்துப் பார்க்க வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இலேசாக நமத்ததை, பூஞ்சணம் பிடிக்காதிருந்தால், வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, முழுக்க ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கலாம். சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்துவிடும்.