மெஷினை எப்போது எடுப்பார்கள்?

எழுமலையில் ஒருவருக்கு மூச்சு முட்டத் தொடங்கினால் போகும் பாதை அநேகமாக ஒன்றுதான். 108-க்கு போன், உசிலம்பட்டி அரசு மருத்துவமனை, அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரி அல்லது தேனி க.விலக்கு. கையில் கொஞ்சம் காசு இருந்தால், அல்லது பயம் கூடுதலாக இருந்தால், மதுரையில் ஏதாவது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் பிறகு ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கிற தகவல் ஒன்றே: "மெஷின்ல வச்சிருக்காங்க." எதற்காக வைத்தார்கள், எப்போது எடுப்பார்கள் என்று கேட்கிற தைரியம் வருவதற்குள் நாலைந்து நாள் ஓடிவிடும். பில் அது பாட்டுக்கு ஓடும்.

வென்டிலேட்டரில் போட்டால் ஆள் திரும்ப மாட்டார் என்ற எண்ணம் நம் பக்கத்தில் வேரூன்றிக் கிடக்கிறது. கொரோனா காலம் அதற்கு உரம் போட்டது. ஆனால் அந்த எண்ணம் எப்போதும் சரியல்ல. கட்டுவிரியன் கடித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். விஷம் மூச்சுத் தசைகளை முடக்குகிறதே தவிர, நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது. விஷமுறிவு மருந்தோடு சில நாள் மெஷின் துணையும் கிடைத்தால் நடந்தே வீடு வந்து சேருகிறவர்கள் உண்டு. பூச்சிமருந்து உடம்பில் ஏறியவர்களிலும் இப்படித் திரும்பியவர்கள் ஏராளம்.

நுரையீரலே கெட்டுப்போன நோயாளியின் கதை வேறு. நிமோனியா, ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று, கடுமையான டெங்கு, கொரோனா ஆகியவற்றில் எது முற்றினாலும் நுரையீரலின் காற்றுப்பைகளில் நீர் கோத்து, உள்ளே போகும் ஆக்சிஜன் ரத்தத்தில் சேராமல் போகலாம். கேஸ் ஷீட்டில் 'ஏஆர்டிஎஸ்' என்று எழுதுவது இதைத்தான். 1967-ல் அமெரிக்காவின் டென்வர் மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து இதை முதன்முதலாக விவரித்தார்கள். மூல நோய்க்கு மருந்து கொடுத்து நுரையீரல் ஆறும்வரை உயிரைப் பிடித்து வைப்பதே மெஷினின் வேலை. நோயை அது குணப்படுத்தாது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்திருப்பதைப் பார்த்துச் சிலர் அலறுகிறார்கள். அது சிகிச்சைதான். கடுமையான ஏஆர்டிஎஸ் நோயாளிகளை நாள்தோறும் நீண்ட நேரம் குப்புறப் படுக்க வைத்தபோது, 28 நாட்களுக்குள் நேர்ந்த சாவு 100-க்கு 33-லிருந்து 16-ஆகக் குறைந்ததை 2013-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது.

காப்பாற்றுகிற மெஷினே கெடுதலும் செய்யும். காற்றை அதிகமாகத் திணித்தால் நுரையீரல் மேலும் கிழிபடும். நெஞ்சில் புதுக் கிருமி தொற்றும். மாவுக்கட்டு போட்ட கால் சூம்பிப்போவது போல, வேலையில்லாத மூச்சுத் தசையும் மெலியும். மூளைச்சாவு அடைந்து 18 முதல் 69 மணி நேரம் மெஷினில் இருந்தவர்களின் முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானத்தை 2008-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, தசை நார்கள் பாதிக்கு மேல் மெலிந்திருந்தன. மூன்று நாளுக்குள் இந்த நிலை. ஆகவே மெஷினிலிருந்து விடுவிக்கும் முயற்சி, நோயாளி கொஞ்சம் தேறத் தொடங்கிய நாளிலேயே ஆரம்பமாக வேண்டும்.

அது எப்படி நடக்கிறது என்று குடும்பம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. காலையில் மயக்க மருந்தை நிறுத்தியோ குறைத்தோ நோயாளியை விழிக்க விடுகிறார்கள். மூல நோய் தணிந்திருக்கிறதா, குறைந்த ஆக்சிஜனிலேயே ரத்தத்தில் அளவு நிற்கிறதா, ரத்த அழுத்தத்துக்கு மருந்து பெரிதாகத் தேவைப்படாமல் இருக்கிறதா, இருமத் தெம்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எல்லாம் சரியென்றால் மெஷின் தரும் உதவியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, அரை மணி முதல் 2 மணி நேரம்வரை அவரே மூச்சு விடட்டும் என்று அருகிலிருந்து கவனிக்கிறார்கள். மூச்சு வாங்கினால், வியர்த்தால், நாடி எகிறினால் மறுபடி மெஷினில் போட்டு ஓய்வு கொடுத்து, மறுநாள் திரும்ப முயற்சி. முதல் நாள் தோற்றதால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. நாளுக்கு ஒரு முறை இந்தச் சோதனை செய்த நோயாளிகள், மெஷின் விடும் மூச்சுகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக விடுபட்டார்கள் என்று 1995-லேயே ஸ்பெயின் நாட்டு ஆய்வு சொல்லிவிட்டது. தினமும் மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்ப்பதும் மெஷின் நாட்களைக் குறைக்கிறது என்பது 2000-ல் வந்த சிகாகோ ஆய்வு.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கவனிக்க ஆள் வேண்டும். நர்ஸுகள் போதாத ஐசியூவில் நோயாளியை விழிக்க விடுவதைவிட மயக்கத்தில் வைத்திருப்பது சுலபம். மெஷின் நாட்கள் நீளுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அதனால் தினமும் டாக்டரிடம் கேளுங்கள்: "இன்னிக்கு மயக்க மருந்தை நிறுத்திப் பாத்தீங்களா? தானா மூச்சு விட வச்சுப் பாத்தீங்களா? பாக்கலைன்னா எது தடுக்குது?" எதிர்த்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் மாநிலங்களுக்கு அனுப்பியது. நோய், சிகிச்சை, செலவு பற்றிப் புரியும் மொழியில் விளக்கம் பெறுவதும், வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் அதில் உள்ள உரிமைகள்.

பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் கொரோனாவால் 2020 ஆகஸ்ட் நடுவில் சென்னையில் வென்டிலேட்டருக்கும், பிறகு ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ கருவிக்கும் போனபோது, அவர் மகன் சரண் வெளியிட்ட தகவல்களைத் தமிழ்நாடே எதிர்பார்த்துக் காத்திருந்தது. தொற்று நீங்கிவிட்டது, விழித்திருக்கிறார், எழுதிக் காட்டுகிறார், பிசியோதெரபி நடக்கிறது, சில நிமிடம் உட்காரவைக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார். அவை ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தைகள் அல்ல. மெஷினிலிருந்து விடுவிக்கும் வேலை உண்மையில் அப்படித்தான் நடக்கும். ஆனாலும் செப்டம்பர் 25-ல் அவர் காலமானார். எல்லாம் முறையாக நடந்தும் நுரையீரல் ஆறாமல் போவதுண்டு.

நாட்கள் நீண்டால் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொல்வார். "கழுத்தை அறுக்கப் போறாங்க" என்று பதறி, கையெழுத்துப் போட மறுக்கிற குடும்பங்கள் நம் ஊர்ப்பக்கம் அதிகம். வாய்க்குழாயைவிட இது நோயாளிக்கு இதம். சளி எடுக்க எளிது. மயக்க மருந்து குறையும். தேறியபின் குழாயை எடுத்தால் துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், பேச்சும் வரும். ஏன், எப்போது, என்ன ஆபத்து என்று விளக்கச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

குழாய் எடுத்த அன்று பாசத்தில் ஒரு மடக்கு கஞ்சித்தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். விழுங்கும் தசை பலவீனமாக இருக்கும். தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் மறுபடி மெஷின்தான். குழாய் எடுத்தவர்களில் 10-க்கு ஒருவர் இருவருக்கு எப்படியும் திரும்பப் போட வேண்டி வருகிறது, முதல் இரண்டு மூன்று நாள் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டிய காலம்.

மின்சாரமும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். 2019 மே 7 மாலை மதுரையில் காற்றும் மழையும் அடித்து மின்தடை ஏற்பட்டபோது, அரசு ராஜாஜி மருத்துவமனையில் வென்டிலேட்டரில் இருந்த 3 பேர் இறந்தார்கள். ஜெனரேட்டர் ஓடாததும் வென்டிலேட்டர் நின்றதும்தான் காரணம் என்றார்கள் உறவினர்கள். நிர்வாகம் மறுத்தது, நோயின் தீவிரமே காரணம் என்றது. விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போனது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். மெஷினில் பேட்டரி நிற்கிறதா, கட்டிலருகே கையால் அமுக்கும் ஆம்பு பை இருக்கிறதா என்று எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்கலாம்.

மெஷினை எடுக்கும் சந்தர்ப்பங்கள் மூன்று: நோய் தீர்ந்து எடுப்பது, நம்பிக்கை தீர்ந்து எடுப்பது, பணம் தீர்ந்து எடுப்பது. கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் அநியாயம் நடக்கிறது. "இனி ஒண்ணும் பண்ண முடியாது, கொண்டு போயிருங்க" என்றதும் 'சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்' என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸ் எழுமலைக்குத் திரும்புகிறது. வீட்டுத் திண்ணையில் உயிர் போகட்டும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் பிழைக்க வாய்ப்பிருந்த ஒருவர் பில்லுக்குப் பயந்து அப்படிப் போகக் கூடாது. கையெழுத்துக்கு முன், "பிழைக்க வாய்ப்பே இல்லையா, இல்லை நாங்க பணம் கட்ட முடியாததாலயா?" என்று நேராகவே கேளுங்கள். பணம்தான் தடை என்றால், வென்டிலேட்டர் கட்டில் இருக்கிறது என்று அரசு மருத்துவமனையில் உறுதி செய்துகொண்டு, வென்டிலேட்டர் வசதியுள்ள ஆம்புலன்ஸில், சிகிச்சைச் சுருக்கத்தோடு மாற்றச் சொல்லுங்கள். வழி கேட்க 104-ஐ அழைக்கலாம்.

உண்மையிலேயே நம்பிக்கை இல்லையென்றால் அதற்கும் சட்டம் வகுத்த வழி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் தந்து, 2023 ஜனவரியில் எளிதாக்கிய நெறிமுறைப்படி, சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட முதல் குழு, பிறகு இரண்டாவது குழு, குடும்பத்தின் சம்மதம், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் என்ற வரிசையில் உயிர்காக்கும் கருவியை விலக்கலாம். ஒரு டாக்டர் தனியாக முடிவெடுக்க முடியாது. அந்த நிலையிலும் வலி, மூச்சுத்திணறல் தெரியாமலிருக்க மருந்து கொடுப்பது மருத்துவமனையின் கடமை.

தவறு நடந்ததாகத் தோன்றினால் முதல் வேலை ஆவணம் வாங்குவது. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. பில் பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்கிறது உரிமைச் சாசனம். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. காப்பீட்டு நிறுவனம் கட்டிய பணத்துக்கும் அது பொருந்தும். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதில் வராது. அங்கே டீன், ஆட்சியர், மாநில மனித உரிமை ஆணையம், உயர் நீதிமன்றம் என்று போக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

உறவினர் இறந்த கோபத்தில் டாக்டரைச் சிறையில் போட வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். 1995-ல் லூதியானாவில் மூச்சுத் திணறிய நோயாளிக்குப் பொருத்திய சிலிண்டரில் ஆக்சிஜனே இல்லை என்பது புகார். அந்த வழக்கில்கூட, 2005-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவர் மீதான குற்ற வழக்கை ரத்து செய்தது. குற்றமாக வேண்டுமென்றால் அலட்சியம் மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்றது. இழப்பீடு கேட்கும் வழி இதனால் அடைபடவில்லை.

இத்தனையும் ஐசியூ வாசலில் நின்று கற்றுக்கொள்ளக் கூடியவை அல்ல. செலவுக்கான ஏற்பாடும் அப்படித்தான், முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனையிலும் செல்லும். ஆனால் எல்லா நோய்க்கும் எல்லா நாளுக்கும் முழுச் செலவும் வந்துவிடாது என்பதால், சேரும்போதே எந்தச் செலவு அடங்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். விவரத்துக்கு 1800 425 3993. அட்டை இல்லாத வீடு என்றால் இந்த வாரமே ஒரு நடை போய் வாருங்கள்.