குளிர்சாதனம் வாங்கினால் மட்டும் போதுமா?

ஆலயத் திருப்பணி, அன்னதானம், கல்வி நிதி என்று அறச்செய்திகள் நிறைந்திருக்கும் ஆண்டு மலரில், வீட்டுக் குளிர்சாதனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் சிலர் எண்ணலாம். காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் வசதி படைத்தோர் வீட்டில் மட்டுமே இருந்த 'ஏர்கோன்', இன்று செலாயாங், பத்துமலை, கோம்பாக் வட்டாரங்களில் சாதாரணத் தொடர்வீடுகளுக்கும் வந்துவிட்டது. வயது முதிர்ந்த பெற்றோர் படுக்கும் அறையிலும், பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும் அறையிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆலய மண்டபத்திற்கும் முதியோர் இல்லத்திற்கும் அதை நன்கொடையாக வாங்கிக் கொடுக்கும் நல்லுள்ளங்களும் நம்மிடையே உண்டு. ஆனால், வாங்கி மாட்டிய அன்று காட்டும் அக்கறையை அதன் பிறகு நாம் காட்டுவதில்லை.

இதை எங்கள் வீட்டு அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். எண்பது வயதைக் கடந்த என் தாயார் படுக்கும் அறையில் ஒரு பங்குனி மாதம் குளிர்ச்சி குறைந்துபோனது. அழைத்து வந்த பழுதுபார்ப்பவர், "கேஸ் குறைந்துவிட்டது" என்று சொல்லி, நிரப்பிவிட்டுப் பணம் வாங்கிச் சென்றார். இரண்டு நாள் கழித்தும் அதே நிலைதான். பிறகு வேறொருவர் வந்தார். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. முன்பக்க மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த வலையை உருவி என் கையில் கொடுத்தார். கம்பளி போர்த்தியது போல் தூசி படிந்திருந்தது. அதைக் கழுவி மாட்டியதும் அன்றிரவே அறை குளிர்ந்தது. "வயசான உடம்பு, எனக்குத்தான் புழுக்கமா இருக்கு போலன்னு நெனச்சேன்" என்றார் அம்மா. பல வாரங்களாகச் சரியான உறக்கமில்லாமல் இருந்தும் அவர் எங்களிடம் வாய் திறக்கவில்லை. அந்தச் சொல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இயந்திரம் என்ன செய்கிறது?

குளிர்சாதனம் குளிரைத் தயாரிப்பதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. கிணற்றில் வாளி இறங்கி நீரை மொண்டு, மேலே வந்து கொட்டிவிட்டு மறுபடியும் இறங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். குளிர்சாதனத்தில் அந்த வாளியின் வேலையைச் செய்வது, குழாய்களுக்குள் சுற்றிவரும் குளிரூட்டும் வாயு. அறைக்குள் இருக்கும் சுருளில் அது வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. வெளியே உள்ள கம்ப்ரசர் அதை அழுத்தி வெளிச்சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை இறக்கி வைத்துவிட்டு, அது மீண்டும் உள்ளே வருகிறது.

உள்சுருள் மிகவும் குளிர்ந்திருப்பதால், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படிந்து, தட்டில் வடிந்து, குழாய் வழியே வெளியேறுகிறது. இந்த ஈரத்தை நீக்கும் வேலைதான் நவீனக் குளிர்சாதனம் பிறந்ததற்கே காரணம். 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போயின. அந்தக் குறையைப் போக்கவே வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் தமது கருவியை வடிவமைத்தார். மனிதர்களின் சுகத்திற்கு அது பயன்பட்டது பிற்பாடுதான்.

நம் ஊர்த் தூசியின் தன்மை

பாலைவன நாடுகளில் தூசி உலர்ந்திருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். நம் நாட்டில் வெயிலும் உண்டு, தூசியும் உண்டு, அவற்றோடு ஆண்டு முழுவதும் காற்றில் ஈரமும் உண்டு. ஈரமான சுருளில் படியும் தூசி சேறாகிறது. அந்தச் சேற்றில் பூஞ்சணம் வளர்கிறது. ஏர்கோனைத் திறந்ததும் வரும் புளித்த வாடைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சேறு வடிகுழாயை அடைத்தால் தண்ணீர் சுவரில் வழிகிறது.

ஈப்போ சாலையிலும் நடுவட்டச் சாலையிலும் இடைவிடாது ஓடும் லோரிகள், எங்காவது நடந்துகொண்டே இருக்கும் கட்டட வேலை, பக்கத்து வீட்டுச் சீரமைப்பு என வெளியிலிருந்து வரும் தூசி போதாதென்று நம் வீட்டுக்குள்ளேயே சில காரணங்கள் உள்ளன. தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை, தூசியைச் சுருளோடு ஒட்டவைக்கும் பசையாகிறது. பூசையறையில் ஏற்றும் கற்பூரம் கரியைக் கக்குகிறது. சாம்பிராணிப் புகையிலும் பிசின் உண்டு. இதற்காகப் பூசையைக் குறைக்க வேண்டியதில்லை. தூபம் காட்டும் நேரத்தில் குளிர்சாதனத்தை நிறுத்தி, சன்னலைத் திறந்து வைத்து, புகை அடங்கி அரைமணி நேரம் சென்ற பின் இயக்கினால் போதும்.

மாதம் இருமுறை நாமே செய்யக்கூடியவை

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முதல் நாள் பூசையறையைத் துடைத்து விளக்கு துலக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அன்றே ஏர்கோன் வலையையும் கழுவுவதென்று வைத்துக்கொண்டால் மறக்காது.

1. முதலில் மின்சுவிட்சை அணைக்க வேண்டும். தொலையியக்கியில் நிறுத்தினால் மட்டும் போதாது; சுவரில் உள்ள சுவிட்சையே அணைக்க வேண்டும். உறுதியான ஏணியைப் பயன்படுத்துங்கள். நாற்காலிமேல் முக்காலி வைத்து ஏற வேண்டாம்.

2. முன்மூடியைத் தூக்கி வலைகளை உருவி எடுத்து, குழாய் நீரில் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் மென்மையான சவர்க்காரத்தைப் பயன்படுத்தலாம். வெந்நீரும் முரட்டுத் தூரிகையும் வேண்டாம்.

3. நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். வெயிலில் காயவைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வலையை மாட்டாமல் ஒரு மணி நேரம்கூட இயக்கக் கூடாது.

4. வடிகுழாயிலிருந்து தண்ணீர் தடையின்றி வருகிறதா என்று பாருங்கள். ஈரமான நாளில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல்கூட வடியும். அதை வாளியில் பிடித்தால் அன்றாடம் கொட்டிவிட வேண்டும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். நாட்டில் டிங்கிக் காய்ச்சல் மிகுதியாகப் பரவும் மாநிலம் நம் சிலாங்கூர் என்பதை மறக்கலாகாது. அந்த நீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் குடிப்பதற்கு உகந்ததன்று. செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம்.

5. வெளிப்பெட்டியைச் சுற்றிப் பழைய சாமான்களை அடுக்க வேண்டாம். வெப்பத்தைக் கொட்ட வேண்டிய இடத்தை அடைத்துவிட்டால் கம்ப்ரசர்தான் துன்பப்படும். அடுக்குமாடி வீடுகளில் வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியைத் துடைப்பதற்காகச் சன்னல் வழியே எட்டிச் சாய்வது உயிருக்கே ஆபத்து. அது தேர்ந்தவர்களின் வேலை.

ஆண்டுக்கு இருமுறை வல்லுநர் செய்ய வேண்டியவை

சுருள், காற்றை வீசும் உருளை, நீர்த்தட்டு ஆகியவற்றை நீரழுத்தம் கொண்டு கழுவும் சாதாரண சர்விசை ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் செய்வது நல்லது. இரவு பகலாக ஓடும் இயந்திரத்திற்கு மூன்று அல்லது நான்கு மாதத்திற்கு ஒருமுறை தேவைப்படும். மருந்திட்டுக் கழுவும் 'கெமிக்கல் சர்விஸ்' ஒவ்வொரு முறையும் அவசியமில்லை. அழுக்கு இறுகிப்போன நிலையில்தான் அது தேவை. அடிக்கடி செய்தால் சுருளின் மெல்லிய அலுமினியத் தகடுகள் கெடும்.

சர்விஸ் நாளில், வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கி துருப்பிடித்திருக்கிறதா, மின்கம்பி இணைப்புகள் தளர்ந்திருக்கின்றனவா, உள்ளே பல்லியும் எறும்பும் புகுந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். மின்பலகையில் பல்லி சிக்கி இயந்திரம் நின்றுபோவது நம் ஊரில் புதிதன்று. இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்து வைப்பதும் அப்பலகையைக் காக்கும்.

'கேஸ் தீர்ந்துவிட்டது' என்றால்...

அன்பர்கள் பலர் வீண்செலவு செய்வது இதில்தான். குளிரூட்டும் வாயு, மோட்டார் வண்டியின் எண்ணெய்போல் எரிந்து தீர்வதன்று. கிணற்று வாளி இறைக்க இறைக்கக் குறைந்துபோவதில்லை அல்லவா? மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயு குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவது, ஓட்டை வாளியில் தண்ணீர் மொள்வதாகும். வலை அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் சுருளில் பனிக்கட்டி பிடிக்கும். வாயு குறைந்தாலும் பிடிக்கும். ஆகவே முதலில் வலையைக் கழுவிப் பாருங்கள். அதன் பிறகும் குளிராவிட்டால், அழுத்தத்தை அளந்து காட்டும்படியும் கசிவு எங்கே என்று காட்டும்படியும் பணிவாகக் கேளுங்கள்.

வாயுக்களிலும் வகைகள் உண்டு. பழைய இயந்திரங்களில் இருந்த ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-இல் கையெழுத்தான மொண்ட்ரியல் உடன்பாட்டின் வழி அது படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. இப்போது வரும் இயந்திரங்கள் பலவற்றில் ஆர்-32 இருக்கிறது. அது ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஒரு வகைக்குரிய இயந்திரத்தில் இன்னொன்றை நிரப்பக் கூடாது. எந்த வாயு என்பது வெளிப்பெட்டியின் முத்திரைத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும்.

புகைமூட்டக் காலத்தில்

1997-ஆம் ஆண்டின் புகைமூட்டம் பலருக்கு நினைவிருக்கும். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. 2015-லும் 2019-லும் பள்ளிகள் மூடப்பட்டன. இத்தகைய நாள்களில் ஏர்கோன் இருக்கிறது, கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. அதன் வலை பெருந்தூசியைத்தான் பிடிக்கும். நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களை அது தடுக்காது. வீடுகளில் உள்ள சாதாரண வகை, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராமல் அறைக் காற்றையே சுழலவிடுவதால், சன்னல்களை மூடி வைத்தால் புகை உள்ளே வருவது குறையும். அவ்வளவுதான் அதன் உதவி. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் நுண்துகள் வடிகட்டி பொருத்திய தனிக் கருவி இருந்தால் நல்லது. அந்நாள்களில் வீட்டுக்குள் ஊதுபத்தியும் சாம்பிராணியும் கொளுத்தாமல் மலரும் தீபமும் கொண்டு வழிபடலாம். புகை விலகியதும் வலையைக் கழுவி, ஒரு சர்விசும் செய்துவிடுங்கள்.

எத்தனை பாகை?

வெயிலில் வந்த வேகத்தில் 16 பாகைக்கு இறக்கிவிட்டால் அறை விரைவாகக் குளிரும் என்று நினைக்கிறோம். சாதாரண இயந்திரம் எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் வேலை செய்யும். எண்ணைக் குறைத்தால் அது நிற்காமல் ஓடும், மின்கட்டணம்தான் ஏறும். 24 அல்லது 25 பாகையில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உடலுக்கு இதமாக இருக்கும். இந்தியாவில் 2020 ஜனவரி முதல், நட்சத்திர முத்திரை பெறும் அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையிலேயே இயங்கத் தொடங்கும்படி விதி செய்திருக்கிறார்கள். முதியோர் படுக்கும் அறையில் குளிர்காற்று நேரே அவர்கள்மேல் படாதவாறு தகட்டைத் திருப்பி வையுங்கள். அவர்கள் தாமாகக் குறை சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்டறிய வேண்டும்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்தவர்கள் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 1010-இல் இராசராச சோழன் எழுப்பி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள் என்று கணக்கிட்டு இடையர்களிடம் ஒப்படைத்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கச் செய்திருக்கிறார்கள். கிழடு தட்டிய ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பிக்கொண்டே இருக்கும் என்பதால், அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றே கல்வெட்டுகள் அழைக்கின்றன. விளக்கு எரிய வேண்டுமானால் அதற்கு நாளும் நெய் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மண்டபத்திற்கோ முதியோர் இல்லத்திற்கோ குளிர்சாதனம் வழங்க விரும்பும் அன்பர்கள், அதன் விலையோடு சில ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவையும் சேர்த்து வழங்கினால் அந்தக் கொடை முழுமை பெறும். பணமாகத் தர இயலாதவர்கள், மாதம் இருமுறை வந்து வலையைக் கழுவிக் கொடுத்தாலும் அது தொண்டுதான். வீட்டில் இருப்பவர்கள் இன்றிரவு படுக்கப் போகுமுன், பெற்றோர் அறைக்குச் சென்று அந்த மூடியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.