பந்தயத் தடத்தில் சாலை டயர்

மோட்டார் வண்டியின் உறுப்புகள் பல. அவற்றுள் நிலத்தைத் தொடுவது டயர் ஒன்றே. அதுவும் முழுமையாகத் தொடுவதன்று. ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே தரையில் படிகின்றது. ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட வண்டியும் அதனுள் அமர்ந்திருப்போர் உயிரும் இந்த நான்கு உள்ளங்கை அளவான ரப்பரை நம்பியே செல்கின்றன. டயர் என்பதற்குத் தனித்தமிழ்ப் பெயர் படைத்தோர் உண்டு. ஆயினும் பட்டறையில் உழைப்போர் நாவில் வழங்குவது டயரே ஆதலின், நாமும் அச்சொல்லையே கொள்வோம்.

செருமனி நாட்டின் மேற்குப் பகுதியில், ஐஃபல் மலைச்சாரலில், நூர்பர்க்ரிங் என்னும் பந்தயத் தடம் ஒன்றுண்டு. அது 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் வடக்கு வளையம் 20 கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த நீளமுடையது. மேட்டிலும் பள்ளத்திலும் எண்ணற்ற வளைவுகளோடு சுற்றிச் செல்வது. குறித்த நாள்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தம் சொந்த வண்டியை அதில் ஓட்டலாம். நம் நாட்டிலோ, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளமாகிய சோழவரத்தில் முன்னாளில் பந்தயங்கள் நடைபெற்றன. பின்னர்த் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இதற்கெனவே தனித்தடம் ஒன்று அமைந்தது. இத்தகைய தடங்களில் சொந்த வண்டியை ஓட்டிப் பழக வருவோர் பலர், காலையில் சாலை வழியே எந்த டயரில் வந்தனரோ அதே டயரில் தடத்தைச் சுற்றி, மாலையில் அதே டயரில் வீடு திரும்புகின்றனர். தடத்தில் டயருக்கு நேர்ந்த கேடு அங்கே வெளிப்படாது, இருள் சூழ்ந்த நெடுஞ்சாலையில் வெளிப்படுமாயின் விளைவு யாதாகும்?

அக்கேட்டின் வேர் வெப்பமே. இயற்கை ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும், குளிரில் இறுகும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் என்பார், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அக்குறை நீங்கும் என்று கண்டார். டயர்த் தொழிலே அதன்மேல் எழுந்ததாகும். எனினும் எந்த ரப்பருக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. பந்தய டயரின் ரப்பர் நன்கு சூடேறிய பின்னரே தரையைச் செவ்வனே பற்றும். சாலை டயரோ குளிர்ந்த காலையிலும் மழையிலும் பற்றுதற்கென ஆக்கப்பட்டது. கொதிநீரின் வெம்மையாகிய 100 பாகை செல்சியசை அது நெருங்குமானால், மேற்பரப்பு குழைந்து வழுக்கத் தொடங்கும். வழுக்க வழுக்க உராய்வு மிகும். உராய்வு மிக மிகச் சூடு மேலும் ஏறும்.

சூடு பிறக்கும் மற்றோர் இடமும் உண்டு. டயரின் மேற்பட்டையில் பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர்க் கட்டிகளைப் பட்டறையார் பட்டன் என்பர். புது டயரில் இவற்றின் உயரம் 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கடும் வளைவில் இவை வேரசைந்த பல்லைப் போல அப்பாலும் இப்பாலும் ஆடும். அவ்வாட்டத்தால் உள்ளே சூடு பிறந்து, ஓரங்கள் கிழிந்து, சிலபோது கட்டி கட்டியாகவே பெயர்ந்து விழும். ஆகவே, புத்தம்புது டயரை மாட்டிக்கொண்டு தடத்திற்குச் செல்வது சிறப்பு எனக் கருதுவது பொருந்தாது. பாதி தேய்ந்த டயரே தடத்தின் துன்பத்தை நன்கு தாங்கும். அவ்வாறாயின் நன்றாகத் தேய்ந்ததைக் கொள்ளலாமோ எனின், அதுவும் தகாது. பள்ளத்தின் அடியில் சிறு மேடாக அமைந்த தேய்வுக் குறி 1.6 மில்லிமீட்டர் உயரமுடையது. மேற்பட்டை அக்குறியை நெருங்கிவிட்டால், ஒரே நாளில் உள்ளிருக்கும் நூலிழை வெளிப்படவும் கூடும். திரும்பும் வழியில் மழை பெய்தால் நீரை வெளியேற்றப் பள்ளமும் இராது. டயரின் அகவையையும் நோக்குதல் வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்; 2319 என்றிருப்பின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்பது பொருள். நெடுநாள் கிடந்த ரப்பர் இறுகி வெடிப்புறும். அதனைத் தடத்திற்குக் கொண்டுசெல்லல் ஆகாது.

இனிக் காற்றழுத்தம். பலரும் இடறுவது இவ்விடத்தே ஆதலின் சற்று விரித்துரைப்போம். அடைபட்ட காற்றுச் சூடேறினால் அதன் அழுத்தம் உயரும் என்பதை நீங்கள் அறிவியல் பாடத்தில் கற்றிருப்பீர்கள். 30 பாகை வெம்மையில் சதுர அங்குலத்திற்கு 32 பவுண்டு காற்று அடைத்த டயர், தடத்தில் ஓடி 70 பாகை சூடேறினால், ஏறத்தாழ 38 பவுண்டு காட்டும். இவ்வுயர்வுக்கு அஞ்சிச் சிலர் புறப்படும்போதே காற்றை மிகக் குறைத்துவிடுகின்றனர். குறைந்த காற்றால் பக்கச் சுவர் மடிந்து மடிந்து நிமிரும். அதனால் சூடு குறைவதற்கு மாறாக மிகும். வளைவில் டயர் ஒருக்களித்து, மேற்பட்டைக்கு மாறாகத் தோள் என்னும் ஓரப்பகுதியே தரையில் தேயும். எனவே வண்டி செய்தவர் குறித்த அளவோடு தொடங்கி, சில சுற்றுகள் ஓடி வந்தவுடன், சூடு ஆறுவதற்கு முன்னரே அளந்து, சிறிது சிறிதாகச் சீர்செய்வதே முறையாகும்.

எவ்வளவு சீர்செய்வது என்பதை டயரே அறிவிக்கும். தோளின் மேல் சுண்ணக்கட்டியால் குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டினால், அக்கோடு எதுவரை அழிந்தது என்பதைக் கொண்டு டயர் எவ்வளவு சாய்ந்தது என அறியலாம். டயர்கள் பலவற்றில் இவ்விடத்தைக் காட்டும் சிறு முக்கோணக் குறியும் இருக்கும். அக்குறிக்கும் கீழே தேய்ந்திருந்தால் காற்றுப் போதாது; அதனை எட்டவேயில்லையெனின் காற்று மிகுதி. ஊசியுள்ள வெப்பமானி கொண்டு மேற்பட்டையின் உட்புறம், நடு, வெளிப்புறம் ஆகிய மூன்றிடத்தும் அளப்பாரும் உளர். நடுவே சூடு மிகுந்தால் காற்று மிகுதி. இரு ஓரமும் மிகுந்தால் குறைவு. வெளி ஓரம் மட்டும் மிகுந்தால், சக்கரத்தின் தலையைச் சிறிது உட்புறம் சாய்த்து அமைக்க வேண்டும் என்பதாம். நைட்ரசன் வாயு அடைத்தால் இத்தொல்லை இல்லை என்று கூறுவோர் உளர். ஈரமற்ற வாயு என்பதால் சிறு நன்மை உண்டாயினும், அதுவும் சூட்டில் விரியும் வாயுவே அன்றோ?

எல்லாம் செய்தும் ஓட்டுபவரின் கையும் காலும் அடங்காவிடில் பயன் இல்லை. டயரின் பற்றும் ஆற்றல் ஒரு பணமுடிப்புப் போன்றது. பிரேக்குக்கு அதனை முழுதும் செலவிட்டவனுக்கு, வளைவதற்குக் கொடுக்க ஒன்றும் எஞ்சாது. ஆகையால் நேர்வழியிலேயே வேகத்தைத் தணித்து, வளைவினுள் மெல்ல நுழைந்து, வண்டி நிமிரும்போது விரைவு கூட்டுதல் வேண்டும். முன் சக்கரம் பற்றாது வெளியே வழுக்கும்போது அறியாதவர் ஸ்டீயரிங் சக்கரத்தை மேலும் முறுக்குவர். அது டயரின் தோளை அரம் கொண்டு அராவுவதற்கு ஒப்பாகும். சிறிது தளர்த்தினால் பிடிப்பு மீளும். செவியும் இங்கே துணைபுரியும். மெல்லிய முனகல் குற்றமன்று. உரத்த அலறலோ டயர் இழுபட்டுத் தேய்கின்றது என்பதற்கு அறிகுறி. முதற்சுற்றைச் சூடேற்றுவதற்கென மென்மையாகவும், மூன்று நான்கு சுற்றுகளை விரைவாகவும், ஒரு சுற்றை ஆற்றுவதற்கெனவும் ஓட்டுவோரின் டயர் நெடுநாள் உழைக்கும். தடத்தின் ஓரத்தில் வண்ணம் தீட்டிய மேடுகளின்மேல் ஏறி மோதுவதைத் தவிர்த்தல் நலம். மோதலில் பக்கச் சுவரின் உள்நூல் அறுந்தால், அவ்விடத்தில் புடைப்பு உண்டாகும். அத்தகைய டயருக்கு மருந்தில்லை, மாற்றுவதே வழி.

வலஞ்சுழியாக ஓடும் தடத்தில் இடப்புற டயர்களே மிகுதியாகத் தேய்தலின், அவற்றை வலப்புறத்தோடு மாற்றி மாட்டிக்கொள்வர். சுழலும் திசை காட்டும் அம்புக்குறியுள்ள டயரை மட்டும் அவ்வாறு பக்கம் மாற்றலாகாது. அதே பக்கத்தில் முன்பின்னாக மாற்றலாம்.

இறுதியில், பலரும் மறப்பது ஒன்று. சூடாக 38 பவுண்டு இருந்த காற்றை 34க்கு இறக்கியவரின் டயர், மாலையில் ஆறி 30 பாகைக்கு வந்தபின் ஏறத்தாழ 28 பவுண்டே காட்டும். அக்குறைந்த காற்றோடு, குடும்பத்தையும் மூட்டைகளையும் ஏற்றி நெடுஞ்சாலையில் நெடுந்தொலைவு விரைந்தால், தடத்தில் நலிந்த பக்கச் சுவர் மேலும் சூடேறி வெடிக்கக்கூடும். எனவே தடத்தை விட்டு வெளியேறுமுன் டயர் ஆறும்வரை காத்திருந்து, நான்கு டயர்களையும் உட்புறம் வெளிப்புறம் எனக் கையால் தடவிப் பார்த்து, கிழிசலோ புடைப்போ நூலிழையோ தென்படவில்லை எனத் தெளிந்து, மீண்டும் 32 பவுண்டு நிரப்பிய பின்னரே புறப்படுதல் வேண்டும். வாயிலருகே காற்றடிக்கும் வசதி இல்லாத தடங்களும் உண்டு. அங்கே செல்வோர் சிறு காற்றடிப்பானைத் தம்முடன் எடுத்துச் செல்வர்.