வலியற்ற காலுக்கு அன்பே காவல்



அன்பைக் குறித்து நாம் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். ஆனால் அன்றாட வாழ்வில் அன்பு செய்கிற வேலை என்ன, அது இல்லாத இடத்தில் என்ன நேரிடுகிறது என்பதை எங்கள் மருத்துவமனையின் தொழுநோய்ப் பிரிவில் நாங்கள் கண்ணாரக் காண்கிறோம். அதையே இந்த இதழில் உங்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

வலியும் ஒரு வரமே

செருப்புக்குள் ஒரு சிறு கல் புகுந்துவிட்டால் நாம் நான்கு அடி கூட நடப்பதில்லை. நின்று, செருப்பைக் கழற்றி உதறுகிறோம். நம்மை நிற்கச் சொன்னது வலி. தொழுநோய்க் கிருமி முக்கியமாகத் தோலையும், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளையும் தாக்குகிறது. நரம்பு பழுதானால் அந்த இடத்தில் சூடு தெரியாது, குளிர் தெரியாது, வலியும் தெரியாது. முள் குத்தினாலும், ஆணி ஏறினாலும், அடுப்புத் தணல் சுட்டாலும் அந்த மனிதர் அறியமாட்டார். குத்திய முள்ளோடு நாள் முழுவதும் வேலை செய்வார். காயம் புண்ணாகும், புண் எலும்பைத் தொடும், பிறகு விரலே போய்விடும்.

"நோய் விரல்களைத் தின்றுவிட்டது" என்றுதான் நம் முன்னோர் எண்ணினார்கள். அது அப்படியல்ல என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். ஒருமுறை செங்கல்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்தார். தம் கையைப் பற்றும்படி அவரிடம் சொன்னார். அந்தப் பிடி தாங்க முடியாத அளவுக்கு இறுகியது. செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்திருந்த கையில் பலமுள்ள தசைகள் இன்னும் உயிரோடிருப்பதை அந்த நொடியில் அவர் உணர்ந்தார். நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை இதன்பின் வேலூரில் வளர்ந்தது. தொடத் தயங்கியிருந்தால் அவர் அதைக் கண்டிருக்க முடியாது.

வேறொரு புதிரும் அவருக்கு இருந்தது. சில நோயாளிகளுக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரலின் நுனி காலையில் இருப்பதில்லை. இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தபோது விடை கிடைத்தது. எலிகள் வந்து கடித்துக்கொண்டிருந்தன! தூங்கிய மனிதருக்கு அது தெரியவேயில்லை. அதன்பின், வீடு திரும்பும் நோயாளிகளிடம் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் வலி செய்யவேண்டிய காவலை வேறு யாராவது செய்தே ஆகவேண்டும் என்பதே அந்தப் பூனை நமக்குச் சொல்லும் பாடம்.

நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி

இந்தப் பாடத்தை நாங்களே மறந்துபோன ஒரு சம்பவத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கூலி வேலை செய்யும் ஒரு சகோதரர் உள்ளங்காலில் புண்ணோடு எங்களிடம் வந்தார். அவருடைய தொழுநோய் பல ஆண்டுகளுக்கு முன்பே குணமாகிவிட்டது. மரத்துப்போன கால் மட்டும் அப்படியே இருந்தது. மாவுக்கட்டுப் போட்டு, பல வாரங்கள் படுக்கையில் வைத்து, புண்ணை ஆற்றினோம். மிருதுவான ரப்பர் அட்டை வைத்து, ஆணியே அடிக்காமல் செய்த செருப்பைக் கொடுத்து அனுப்பினோம். நான்கு மாதத்தில் திரும்பி வந்தார். அதே இடத்தில் அதே புண். இந்த முறை எலும்பும் கெட்டிருந்தது. ஒரு விரலை எடுக்கவேண்டியதாயிற்று.

நாங்கள் அவரைக் கடிந்துகொண்டோம். "எவ்வளவு சொல்லி அனுப்பினோம்!" என்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று மாலை கட்டு மாற்ற வந்த மூத்த செவிலியர், "அண்ணே, வீட்டுல உங்க காலை யாரு பார்க்கிறாங்க?" என்று கேட்டார்.

"என் காலை யாரு தாயீ பார்ப்பா?" என்றார் அவர்.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. கண்பார்வை மங்கிவிட்டதால் தம் உள்ளங்காலை அவரால் பார்க்க முடியாது. வீட்டில் அவருக்குத் திண்ணையில் தனிப் பாய், தனித் தட்டு. குணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் யாரும் அவரைத் தொடுவதில்லை. மருந்து கொடுத்தோம், செருப்பு கொடுத்தோம், அறிவுரையும் கொடுத்தோம். இந்த ஒரு கேள்வியை மாத்திரம் நாங்கள் கேட்கவில்லை.

அவர் வீடு திரும்பியபோது எங்கள் ஊழியர் ஒருவரும் கூடப் போனார். வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்து, அவருடைய காலைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பரவும் தன்மை நின்றுவிடுகிறது. 6 மாதம் அல்லது 12 மாதம் மருந்தைச் சாப்பிட்டு முடித்தவர் குணமடைந்தவர். மனிதரில் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே உண்டு என்று விளக்கினார். பெரியவர்கள் பேசாமல் இருந்தார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்திதான் எழுந்து வந்து, "நான் பார்க்கட்டுமா அக்கா?" என்று கேட்டாள்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். தினமும் மாலையில் தாத்தாவின் காலைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைக்கவேண்டும். காய்த்துத் தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்கவேண்டும். ஈரம் காயுமுன் எண்ணெய் தடவவேண்டும். விரலிடுக்கையும் உள்ளங்காலையும் நன்றாகப் பார்க்கவேண்டும். எங்காவது சூடாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவேண்டும். சூடு இருந்தால் உள்ளே புண் தொடங்குகிறது என்று பொருள், மறுநாள் தாத்தா நடக்கக்கூடாது. செருப்பையும் கவிழ்த்துத் தட்டிவிடவேண்டும். இவ்வளவுதான். அரை மணி நேர வேலை.

ஒன்றரை ஆண்டுக்கு மேலாகிறது. அந்தக் காலில் புண் வரவில்லை. ஒருநாள் பேத்தி சீமைக்கருவேல முள் ஒன்றைக் கண்டுபிடித்து எடுத்தாளாம். "எனக்குத் தெரியவே இல்லைங்க, புள்ளைக்குத்தான் தெரிஞ்சுது" என்று அவர் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். இப்போது அவர் வீட்டுக்குள்ளே உட்கார்ந்து எல்லோரோடும் சாப்பிடுகிறார்.

நம் வீட்டிலும் உண்டு

பிரியமானவர்களே, இது தொழுநோய்க்கு மட்டும் உரிய காரியமல்ல. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களின் பாதமும் இப்படியே மரத்துப்போகிறது. டாக்டர் பிராண்ட் 1966-இல் அமெரிக்கா சென்ற பின், நம் நாட்டில் கற்றதை அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பதற்கும் பயன்படுத்தினார். உங்கள் தாயாருக்கோ தகப்பனாருக்கோ சர்க்கரை நோய் இருந்தால், இன்று இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் அவர்கள் பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் மருந்துக்குக் காசு செலவழிக்கிறோம், பாதத்தைப் பார்ப்பதில்லை.

கால் மட்டுமா மரத்துப்போகிறது? நோவு இருந்தும் சொல்லத் தெரியாதவர்கள், சொல்லி அலுத்துப்போனவர்கள் நம் சபையில் எத்தனை பேர்! "கவனிப்பு" என்ற நம் தமிழ்ச் சொல்லுக்கு உற்றுப் பார்ப்பது என்றும் பொருள், பேணிக் காப்பது என்றும் பொருள். இரண்டும் ஒன்றுதான் என்பதை அந்தச் சிறுமியிடம் நாங்கள் கற்றோம். மாற்கு சுவிசேஷம் முதலாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் குஷ்டரோகியை ஒரு வார்த்தையால் சுகமாக்கியிருக்கலாம். ஆனாலும் மனதுருகி, கையை நீட்டி, முதலாவது அவனைத் தொட்டார். சுகம் அதன்பின் வந்தது.

தொழுநோய் ஒழிந்துபோயிற்று என்று பலரும் எண்ணுகிறார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் அது நீங்கிய நிலையை நம் நாடு 2005-இல் எட்டியது உண்மை. ஆயினும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியாவில் புதிதாக இந்நோயோடு கண்டறியப்பட்டார்கள். மருந்து 1995 முதல் உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. மரத்துப்போன கால்களுக்குச் செருப்பும், புண்ணுக்குக் கட்டுத்துணியும், வீடு தேடிப் போகும் ஊழியரின் பயணச் செலவும் உங்கள் காணிக்கையால் நடக்கின்றன. இப்போது வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவரிடமும் செருப்பைக் கொடுக்குமுன், "உங்கள் காலைப் பார்ப்பவர் யார்?" என்று கேட்கிறோம். யாருமில்லை என்பவர்களின் வீட்டுக்கு நாங்களே போகிறோம். அந்தப் பயணங்களுக்காகவும், திண்ணையில் தனித்திருக்கும் மற்றவர்களுக்காகவும் உங்கள் ஜெபங்களில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்பின் தேவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்